காற்று மழையைத் தள்ளிக்கொண்டு போய்விட்டதா? இடிமழைக் காற்று பற்றி ஓர் எளிய விளக்கம்

சித்திரை மாதத்துச் சாயங்காலம். காரைக்குடியில் எங்கள் தெருவில் பாதி வீட்டு மாடிகளில் கூழ் வற்றல் காய்கிறது. நாலு மணி வரை மண்டையைப் பிளக்கும் வெயில். நாலரை மணிக்கு மேற்கே, சிங்கம்புணரிப் பக்கம், வானம் கறுக்கத் தொடங்குகிறது. புழுக்கம் தாங்கவில்லை, இலை அசையவில்லை. திடீரென்று முகத்தில் ஒரு குளிர்ச்சி. அடுத்த நிமிடம் செம்மண் புழுதி சுவர் மாதிரி எழுந்து வருகிறது. ஜன்னல் கதவுகள் அறைகின்றன, யார் வீட்டுத் தகரமோ பறக்கிறது, கரண்ட் போகிறது. கால் மணி நேரம் இந்த ஆட்டம். பிறகு நாலு தூறல். அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு ஆச்சி வற்றல் துணியை வாரிச் சுருட்டிக்கொண்டே சொல்வார்: "பாத்தியா தம்பி, வந்த மழையக் காத்து தள்ளிக்கிட்டுப் போயிருச்சு. இந்நேரம் தேவகோட்டையில கொட்டும்."

சின்ன வயதிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்தவன் நான். டிவியைப் போட்டால் "வெப்பச்சலனம் காரணமாக" என்கிறார்கள். டீக்கடையில் "புயல் அடிச்சுச்சு" என்கிறார்கள். மறுநாள் அதுவே "சூறாவளி" ஆகிவிடுகிறது. ஆனால் அந்தக் காற்று எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்வதில்லை. சுருக்கமான பதில்: மேலேயிருந்து. நமக்கு வரவேண்டிய மழையில் ஒரு பகுதிதான் காற்றாக மாறி நம்மேல் இறங்கியது. அது எப்படி என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

## முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம்

புயல் என்பது கடலில் பிறப்பது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலத்துக்குச் சுழலும், பல நாள் உயிரோடு இருக்கும், அதற்குப் பெயர் வைப்பார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து, நம் புதுக்கோட்டை, சிவகங்கைச் சீமை வழியாக உள்ளே போன கஜா அப்படிப்பட்டது. அது வருவது நமக்குச் சில நாள் முன்பே தெரியும்.

சித்திரையில் அரைமணி அடித்துவிட்டுப் போவது புயல் இல்லை. அதற்கு இடிமழை என்று பெயர். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் அகலமுள்ள ஒரே ஒரு மேகத்தின் வேலை. அந்த மேகம் பிறந்து, வளர்ந்து, சாக ஒரு மணி நேரம் போதும். மத்தியானம் அது இருக்கவே இருக்காது. அதனால்தான் எந்த ஊரில் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே யாராலும் சொல்ல முடிவதில்லை.

பொட்டல் வெளியில் நல்ல வெயிலில் சருகையும் காகிதத்தையும் சுழற்றிக்கொண்டு எழும் சுழிக்காற்று இன்னொரு வகை. அதற்கு மேகமே வேண்டாம், சூடான தரை போதும். மீனவர்களுக்கான எச்சரிக்கையில் வரும் "சூறாவளிக் காற்று" என்ற சொல்லோ கடல்மேல் விட்டுவிட்டு வீசும் பலத்த காற்றைக் குறிக்கிறது. நாம் பேசப்போவது இடிமழைக் காற்றை மட்டும்.

## வெப்பச்சலனம்: முற்றத்தில் நடப்பதுதான்

நம் ஊர்ப் பெரிய வீடுகளில் உச்சி வெயிலில் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்பகுதியில், உட்கார்ந்து பாருங்கள். வெளியே அனல் அடித்தாலும் உள்ளே மெல்லிய காற்று ஓடிக்கொண்டிருக்கும். முற்றத்தில் வெயில் பட்டுச் சூடான காற்று லேசாகி மேலே போகிறது. அந்த இடத்தை நிரப்ப, நிழலான பத்தியிலிருந்தும் முகப்பிலிருந்தும் காற்று வருகிறது. சூடானது ஏறுவதும் குளிர்ந்தது அந்த இடத்துக்கு வருவதுமான இந்தச் சுற்றோட்டத்துக்குத்தான் வெப்பச்சலனம் என்று பெயர். இட்லிப் பானையில் நடப்பதும் இதுதான்.

வானத்தில் முற்றத்தின் வேலையைச் செய்வது செம்மண் பொட்டல். வறண்டுபோன கண்மாய்த் தரையும், கப்பிச் சாலையும், மரமில்லாத மேடும் மத்தியானத்துக்குள் கொதித்துப்போகின்றன. அவற்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று குமிழ் குமிழாக மேலே கிளம்புகிறது. பருந்து சிறகடிக்காமல் வட்டமிட்டபடி உயரே போவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஏறுவது இந்தக் குமிழ்களின் முதுகில்தான்.

மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் காற்று விரியும், விரிந்தால் குளிரும். சைக்கிள் டியூபில் வால்வைத் திறந்துவிட்டால் சில்லென்று வருவது இதனால்தான். இந்தக் கணக்கில், ஏறும் காற்று கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி சூட்டை இழக்கிறது. ஓர் உயரத்துக்கு மேல் அதில் கரைந்திருந்த நீராவி நீராவியாகவே இருக்க முடியாமல் சின்னஞ்சிறு துளிகளாகிவிடும். மேகம் பிறப்பது அங்கேதான். மேகங்களின் அடிப்பக்கம் எல்லாம் ஒரே மட்டத்தில் வெட்டிவிட்டதுபோல இருக்கிறதே, அந்த மட்டம்தான் இந்த உயரம்.

தினமும் வெயில் அடிக்கிறது, ஆனால் தினமும் இடிமழை வருவதில்லை. சூட்டோடு இன்னும் இரண்டு வேண்டும். ஒன்று, ஈரம். மற்றொன்று, காற்றை வலுவாக மேலே தள்ளிவிட ஏதோ ஒரு கை. நமக்கு இந்த இரண்டையும் கொண்டுவருவது கடற்காற்று. கிழக்கே கடலோரத் தொண்டிப் பக்கத்திலிருந்து குளிர்ந்த, ஈரமான காற்று மத்தியானத்துக்கு மேல் மெதுவாக மேற்கே ஊர்ந்து வரும். உள்நாட்டுச் சூடான காற்றோடு அது முட்டும் இடத்தில் இரண்டுக்கும் நடுவே சிக்கிய காற்றுக்கு மேலே போவதைத் தவிர வேறு வழியில்லை. கோடையில் சாயங்காலம் மேகங்கள் வரிசை கட்டி நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதுவரை: சூடான தரை, ஈரம், மேலே தள்ளும் கை. மூன்றும் சேர்ந்தால் மேகம் எழும்பத் தொடங்கும்.

## மேகம் ஏன் நிற்காமல் வளர்கிறது

தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க எவ்வளவு விறகு எரிக்கிறோம்! அந்தச் சூடு எங்கும் போய்விடவில்லை, ஆவிக்குள் ஒளிந்திருக்கிறது. ஆவி மறுபடி தண்ணீராகும்போது அத்தனை சூட்டையும் திருப்பிக் கொடுத்துவிடும். கொதிக்கும் தண்ணீர் பட்டால் புண்ணாவதைவிட ஆவி பட்டால் மோசமாகப் புண்ணாவது இதனால்தான். இதைப் பாடப்புத்தகத்தில் உள்ளுறை வெப்பம் என்பார்கள்.

மேகத்துக்குள் நீராவி துளியாக மாறும் ஒவ்வொரு கணமும் இந்தச் சூடு வெளிவருகிறது. ஆகவே ஏறும் காற்று குளிரும் வேகம் குறைந்து, சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாகவே இருக்கிறது. சூடாக இருப்பதால் இன்னும் ஏறுகிறது. ஏறுவதால் இன்னும் ஆவி துளியாகிறது. ஊருணித் தண்ணீருக்கடியில் அமுக்கிய பந்தைக் கைவிட்டது போல, ஒருமுறை கிளம்பிவிட்டால் தானாகவே மேலே பாய்கிறது.

இந்த எரிபொருள் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சதுர கிலோமீட்டரில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் அது 1 கோடி லிட்டர் தண்ணீர். அவ்வளவு ஆவி துளியாகும்போது வெளிவந்த சூடு, ஏறத்தாழ 70 லட்சம் யூனிட் மின்சாரத்துக்குச் சமம். இது ஒரு சாதாரணக் கோடை மழைக்கான கணக்கு.

இப்படி எழும்பும் காற்றை மேலேற்றம் என்று வைத்துக்கொள்வோம். நல்ல மேகத்தில் மேலேற்றம் மணிக்கு 40, 50 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். நம் பகுதியில் மேகத்தின் உச்சி 15 கிலோமீட்டரைத் தாண்டிப் போகக்கூடும். எவரெஸ்ட் 9 கிலோமீட்டர்கூட இல்லை. சுமார் 5 கிலோமீட்டருக்கு மேல் எல்லாம் உறைநிலை. நாம் கீழே வேர்த்து வழியும்போது தலைக்கு மேலே பனிக்கட்டிகள் மிதக்கின்றன. உச்சியில் இதற்குமேல் ஏற முடியாதபடி ஒரு கூரை போன்ற அடுக்கு வந்ததும் மேகம் பக்கவாட்டில் பரவி, கொல்லன் பட்டடைக்கல் மாதிரித் தட்டையாகிவிடும். தூரத்தில் அந்தத் தட்டைத் தலை தெரிந்தால் அது முழுதாக வளர்ந்த இடிமேகம். பாடநூல்களில் இதன் பெயர் கார்திரள் மேகம்.

## மேலே போன தண்ணீர் கீழே வரும் விதம்

இங்கேதான் நம் காற்று பிறக்கிறது. கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்கவேண்டிய இடம் இது.

துளிகளும் கட்டிகளும் பெரிதாகி, மேலேற்றத்தால் தாங்க முடியாத எடைக்கு வந்ததும் விழத் தொடங்குகின்றன. விழும்போது பக்கத்திலிருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு வருகின்றன. ஆனால் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதற்கு மண்பானையைப் பார்க்க வேண்டும்.

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் மேல் கசியும் ஈரம் ஆவியாகிறது. ஆவியாக அதற்குச் சூடு வேண்டும், அதைத் தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. சாயங்காலம் மொட்டைமாடியில் தண்ணீர் தெளித்தால் குளிர்வதும் இப்படித்தான். மேலே போகும்போது ஆவி கொடுத்த சூட்டை, கீழே வரும்போது துளி திருப்பிக் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோடையில் மேகத்தின் அடிப்பக்கம் தரையிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். அந்த 2 கிலோமீட்டரும் காய்ந்த காற்று. மழைத்துளி அதன் வழியாக விழும்போது வழியெல்லாம் ஆவியாகிக்கொண்டே வருகிறது. ஒரு கன மீட்டர் காற்றில், அதாவது ஒரு பெரிய பீரோ அளவுக் காற்றில், ஒரு தேக்கரண்டித் தண்ணீர் முழுதாக ஆவியானால் அந்தக் காற்று ஏறத்தாழ 10 டிகிரி குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது. ஒரு கன கிலோமீட்டர் காற்று 10 டிகிரி குளிர்ந்தால், சுற்றியுள்ள காற்றைவிட 30,000 டன்னுக்கு மேல் கனம் கூடிவிடுகிறது. அது மேலே நிற்குமா? விழுகிறது. இறங்க இறங்க அழுத்தம் கூடிக் காற்று சூடாக வேண்டும்தான். ஆனால் மழைத்துளிகள் கூடவே வந்து ஆவியாகிக்கொண்டிருப்பதால், தரையைத் தொடும்போதும் அது சுற்றியுள்ள காற்றைவிடக் குளிராகவே இருக்கிறது. முகத்தில் முதலில் பட்ட அந்தக் குளிர்ச்சி இதுதான். இப்படி விழும் காற்றைக் கீழிறக்கம் என்போம்.

இதுவரை: ஏறும்போது ஆவி துளியாகிச் சூடு தந்தது, மேகம் வளர்ந்தது. விழும்போது துளி ஆவியாகிச் சூட்டைப் பறித்தது, காற்று கனமாகி விழுந்தது.

## முற்றத்தில் கவிழ்த்த அண்டா

விழுந்த காற்று தரைக்குள் போக முடியாது. கல் பாவிய முற்றத்தில் ஓர் அண்டாத் தண்ணீரைக் கவிழ்த்துப் பாருங்கள். விழுந்த இடத்தில் பள்ளென்று அடித்து, நாலா பக்கமும் சீறிப் பரவும். ஓரத்தில் தண்ணீர் சுருண்டு, முன்னே கிடக்கும் தூசியையும் சருகையும் உருட்டிக்கொண்டு போகும். காற்றும் அப்படியே. செங்குத்தாக விழுந்தது, தரையில் பட்டதும் படுக்கைவசமாகப் பாய்கிறது.

அந்தப் பரவலின் முன்விளிம்புதான் மழைக்கு முன்னால் வந்து நம்மை அடிப்பது. அதைக் காற்றுமுகப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். செம்மண் புழுதிச் சுவர் நம் கண்ணுக்குத் தெரியும் காற்றுமுகப்பு. மழை விழும் இடத்தைவிட்டுப் பல கிலோமீட்டர் முன்னால் அது ஓடிவந்துவிடும். அதனால்தான் முதலில் குளிர்ச்சியும் பிறகு புழுதியும், அதற்கப்புறம் மண்வாசனையும், கடைசியில் (வந்தால்) மழையும் என்ற வரிசை.

வானிலைத் துறையினர் காற்று திடீரென்று மணிக்கு 29 கிலோமீட்டராவது கூடி, 40-ஐத் தொட்டு, ஒரு நிமிடமாவது நீடித்தால் அதை ஸ்குவால் என்று குறித்துக்கொள்கிறார்கள். நம் மேகங்கள் சில நேரம் 60, 70 வரை போகும். 40-க்கும் 80-க்கும் இரண்டு மடங்குதான் வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். வேகம் இரண்டு மடங்கானால், காற்று ஒரு தகரத்தின்மேல் காட்டும் விசை நாலு மடங்காகும்.

## மரங்களைப் படித்த மனிதர்

கீழிறக்கம் இத்தனை வலுவாக இருக்க முடியும் என்று ஒரு காலத்தில் வல்லுநர்களே நம்பவில்லை. நம்பவைத்தவர் டெட்சுயா ஃபுஜிட்டா என்ற ஜப்பானிய வானிலை ஆய்வாளர். 1945-ல், அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமாவையும் நாகசாகியையும் அவர் போய்ப் பார்த்தார். வானில் குண்டு வெடித்த இடத்துக்கு நேர் கீழே மரங்கள் நின்றன. அதைச் சுற்றியிருந்தவையோ, நட்சத்திரக் கதிர்கள் மாதிரி வெளிப்பக்கம் பார்த்துச் சாய்ந்து கிடந்தன. மேலிருந்து விழுந்த ஒரு வேகம் தரையில் பட்டுப் பரவியதன் அடையாளம் அது.

கிட்டத்தட்ட முப்பது வருடம் கழித்து, 1974-ல், அமெரிக்காவில் டொர்னாடோ என்ற கடும் சுழல்காற்றுகளால் சேதமான காடுகளை விமானத்திலிருந்து பார்த்தபோது, அதே நட்சத்திர வடிவம் அவர் கண்ணில் பட்டது. அங்கே குண்டு எதுவும் விழவில்லை. அடுத்த வருடம், 1975 ஜூன் 24 அன்று, நியூயார்க்கில் இடிமழைக்குள் தரையிறங்க வந்த விமானம் ஓடுபாதைக்குச் சற்று முன்னால் விழுந்து நொறுங்கியது. 113 பேர் இறந்தார்கள். அந்த விபத்தை ஆராய்ந்த ஃபுஜிட்டா, மேகத்திலிருந்து மொத்தமாக விழுந்த காற்றே காரணம் என்றார். அதற்கு அவர் வைத்த பெயர் டவுன்பர்ஸ்ட். நாலு கிலோமீட்டருக்குள் அடங்கும் சிறியதை மைக்ரோபர்ஸ்ட் என்றார். பலர் ஒப்புக்கொள்ளவில்லை. 1978-ல் சிகாகோ அருகே, காற்றின் வேகத்தை அளக்கும் டாப்ளர் ராடார்களை வைத்து அதை அளந்து காட்டினார். இன்று பெரிய விமான நிலையங்களில் இந்தக் காற்றைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவிகள் இருக்கின்றன. சாய்ந்த மரங்களை ஒருவர் பொறுமையாகப் பார்த்ததால் எத்தனை உயிர்கள் பிழைத்தன என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் மனம் நெகிழ்கிறது.

நீங்களும் பார்க்கலாம். பலத்த காற்றுக்கு மறுநாள் கண்மாய்க்கரைக்குப் போய், சாய்ந்த சீமைக்கருவேல மரங்கள் எந்தப் பக்கம் கிடக்கின்றன என்று கவனியுங்கள். எல்லாம் ஒரே பக்கமாகவோ, விசிறி மடிப்பு மாதிரி விரிந்தோ கிடந்தால், மேலிருந்து விழுந்த காற்று. சுழன்று வந்த காற்றாக இருந்தால் மரங்கள் ஒன்றுக்கொன்று குறுக்காகப் பின்னிக் கிடக்கும்.

## சித்திரையில் காற்று, ஐப்பசியில் மழை

இப்போது ஒரு பழைய புதிர் தானாக அவிழ்கிறது. கோடை மழை நாலு தூறல் போட்டாலும் மரத்தைச் சாய்க்கிறது. ஐப்பசியில் இரவெல்லாம் கொட்டினாலும் புயல் இல்லாத நாளில் ஒரு முருங்கைக் கிளைகூட ஒடிவதில்லை. ஏன்?

ஐப்பசியில் மேகத்தின் அடிப்பக்கம் அரைக் கிலோமீட்டருக்கும் கீழே வந்துவிடும். கீழே இருக்கும் காற்றும் ஏற்கெனவே ஈரம் நிறைந்தது. ஈரத்துணி ஐப்பசியில் காயாத மாதிரி, மழைத்துளியும் அங்கே ஆவியாவதில்லை. ஆவியாகாததால் காற்று அவ்வளவாகக் குளிர்வதில்லை, விழுவதுமில்லை. மேகத்திலிருந்து புறப்பட்ட தண்ணீர் ஏறத்தாழ முழுதும் தண்ணீராகவே நம் முற்றத்துக் கிடாரத்துக்கு வந்து சேர்கிறது. சித்திரையிலோ தண்ணீரில் ஒரு நல்ல பங்கு வழியிலேயே ஆவியாகி, காற்றைக் குளிரவைத்து விழவைத்துவிடுகிறது. வறண்ட சீமையில் முதல் கோடை மழை இவ்வளவு மூர்க்கமாக வருவதற்கு அந்த வறட்சியே காரணம்.

## இடி பற்றி இரண்டு வரி

மேகங்கள் மோதுவதால் இடி இடிக்கிறது என்று இன்னும் பலர் குழந்தைகளுக்குச் சொல்கிறார்கள். மோதுவது மேகத்துக்குள் இருக்கும் பனித்துகளும் பனிக்கட்டியும். அந்த உரசலில் மின்னேற்றம் பிரிந்து, பிறகு மின்னலாகப் பாய்கிறது. மின்னல் பாய்ந்த கோடு 30,000 டிகிரி வரை சூடாகி, காற்று வெடித்து விரியும் சத்தம்தான் இடி.

## குளிர்காற்று பட்டவுடன்

குளிர்காற்று முதலில் முகத்தில் பட்டால் உங்களுக்குச் சில நிமிடங்கள்தான் இருக்கின்றன என்று பொருள். வற்றலை எடுக்க மாடிக்குப் போகாதீர்கள். வற்றலை அடுத்த நாள் மறுபடி பிழியலாம். திருவிழாப் பந்தலுக்குள் இருப்பவர்களை முதலில் வெளியேற்றிக் கட்டடத்துக்குள் அனுப்ப வேண்டும். பந்தல் துணி பாய்மரம் மாதிரிக் காற்றைப் பிடித்துக்கொள்ளும், கால்கள் தாங்காது. தகரக் கொட்டகை, விளம்பரப் பலகை, புளியமரம், இவற்றின் கீழே வண்டியை ஒதுக்காதீர்கள். மழைக்கு ஒதுங்கியவர்கள் மரம் சாய்ந்தும் மின்னல் தாக்கியும் இறந்துபோவது எத்தனை வீடுகளில் நடந்திருக்கிறது! இடிச் சத்தம் காதில் விழும் தூரம் மின்னல் எட்டக்கூடிய தூரம்தான். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்து வயலுக்குப் போனால் போதும். அறுந்து கிடக்கும் மின்கம்பியைக் குச்சியால்கூடத் தொட வேண்டாம்.

## ஆச்சி சொன்னது

இனி ஆச்சியிடம் வருவோம். "காத்து மழையத் தள்ளிக்கிட்டுப் போயிருச்சு." முதலில் இதைக் கேட்டால் தவறு என்று தோன்றும். காற்று வெளியிலிருந்து வந்து மழையைக் கலைக்கவில்லை, மழையிலிருந்தே காற்று பிறந்தது.

ஆனால் அந்தக் குளிர்காற்று தரையோடு பரவி, மேகத்துக்குச் சாப்பாடாகப் போய்க்கொண்டிருந்த சூடான ஈரக்காற்றை அடியிலிருந்து வெட்டிவிடுகிறது. மேலேற்றம் நின்றுபோகிறது. பெற்ற மேகத்தையே அந்தக் காற்று கொன்றுவிடுகிறது. எங்கள் தெருவில் நாலு தூறலோடு நின்றது அதனால்தான்.

காற்றுமுகப்பு அங்கேயே நின்றுவிடுவதும் இல்லை. கனமான காற்று என்பதால், முன்னே இருக்கும் சூடான காற்றுக்கு அடியில் ஆப்பு மாதிரிச் செருகி, அதை மேலே தூக்கிவிடுகிறது. கடற்காற்று செய்த அதே வேலையை இப்போது இது செய்கிறது. மேற்கிலிருந்து வந்த காற்றென்றால் கிழக்கே, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, ஈரம் இருக்கும் இடத்தில் புதிதாக ஒரு மேகம் எழும்பும். அரைமணி, முக்கால் மணியில் அது பழுத்துக் கொட்டவும் செய்யலாம்.

போன வருடம் அப்படி ஒரு சாயங்காலம், கரண்ட் இல்லாத திண்ணையில் உட்கார்ந்து ஆச்சியிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் அவர் போன் அடித்தது. தேவகோட்டையிலிருந்து மகள்.

"என்னம்மா, அங்க மழையா? இங்க ஊத்துது" என்ற குரல் எனக்கும் கேட்டது.